நீங்க பாதுகாவலர்தான்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். இடம், ஈப்போவில் ஒரு கடைவரிசையின் மாடி. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வழக்கறிஞர் அலுவலகம். அங்கே காதில் விழுந்த இரண்டு வார்த்தைகளால் நான் நன்றாகப் போய்க்கொண்டிருந்த வேலையை விட்டேன், முதுகைக் கெடுத்துக்கொண்டேன், பெற்ற மகளின் முகத்தை ஒரு மாதத்துக்கு மேல் பார்க்காமலும் இருந்தேன். இதற்கு யாரைக் குறை சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தோட்டமும் இல்லை. வரிசை வீடுகள் வந்துவிட்டன. நானும் அக்காவும் அதே வீடுகளில்தான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். அப்போது எனக்கு சிம்பாங் பூலாயில், ஒரு சுண்ணாம்புத் தொழிற்சாலையில் காவல் வேலை. எங்கள் பக்கம் அதை 'ஜாகா' என்போம். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'செக்குரிட்டி'. தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் எழுதும்போது 'பாதுகாவலர்'. எங்கள் கேட்டுக்குள் எவர் நுழைந்தாலும் அடையாள அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, 'விசிட்டர்' அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதலாளியின் மாமனாரையே ஒருமுறை மாட்டிக்கொள்ள வைத்திருக்கிறேன். அந்த வேலையில் எனக்கு அவ்வளவு பெருமை.

வீட்டில்தான் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. அடிதடி கிடையாது, குடி கிடையாது, இன்னொரு ஆள் கிடையாது. சொன்னால் பலர் நம்புவதில்லை. உப்பு குறைந்தால் ஒரு சண்டை, கூடினால் இன்னொரு சண்டை. கடைசியில் அவள் மகளை அழைத்துக்கொண்டு பாரிட் புந்தாரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கேயே ஒரு கிளினிக்கில் வேலையும் தேடிக்கொண்டாள். மகளுக்கு அப்போது ஆறு வயது.

நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரயில் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுப்பேன். சிவப்புப் பாகு ஊற்றிய பக்கத்தை மட்டும் தின்றுவிட்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள். வாரத்தில் எனக்கு வேறு சந்தோஷம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்படிப் போயிருந்த ஒரு ஞாயிறு மனைவி சொன்னாள்: "நான் லாயர் பாத்துட்டேங்க. ரெண்டு பேரும் சேந்தே கேஸ் போட்டா லேசா முடிஞ்சிருமாம். நீங்களும் ஒரு ஆள பாத்துக்குங்க. கஸ்டடி விசயம் பேசணுமாம்."

கஸ்டடி என்ற வார்த்தையை அதுவரை போலீசோடு சேர்த்துத்தான் நான் கேட்டிருக்கிறேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னதும் அவள் பதறிவிட்டாள். "கஸ்டடியா? புள்ளையவா? அது என்னாடா தப்பு பண்ணுச்சு?" என்றாள். அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். எங்கள் குடும்பத்தில் பேசுகிற பொறுப்பு அவளுடையது, கேட்கிற பொறுப்பு என்னுடையது. அவளே யாரையோ விசாரித்து, இந்த மாடி அலுவலகத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு வந்தாள்.

வழக்கறிஞர் ஓர் இளம்பெண். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவராம். உள்ளே நாங்கள் நுழைந்தபோது ஆபீஸ் கிராணியிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, எல்லாத்தையும் தமிழ்லயே சொல்றேன், உங்களுக்கு நல்லா புரியணும்ல" என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பராமரிப்பு உரிமை என்றார். இணக்க ஆணை என்றார். அணுகல் உரிமை என்றார். வானொலியில் செய்தி கேட்பதுபோல நல்ல தமிழ்தான். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன், ஒன்றும் புரியவில்லை. அணுகல் என்றால் என்ன என்று மட்டும் வாயைத் திறந்து கேட்டேன். "ஆக்சஸ் ண்ணே" என்றார். ஆக்சஸ் எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலை ஆபீசில் அட்டையைத் தட்டினால் கதவு திறக்குமே, அது. அப்படியானால் என் மகள் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அட்டை எந்தெந்த நாளில் வேலை செய்யும் என்பதை வேறு யாரோ எழுதித் தருவார்கள். என் பிள்ளையைப் பார்க்க எனக்கே விசிட்டர் அட்டையா என்று நெஞ்சு அடைத்தது.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அம்மாவிடம் இருப்பதுதான் நல்லது என்று சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளுமாம். அதை மாற்ற வலுவான காரணம் வேண்டுமாம். மகள் அம்மாவோடு இருக்கட்டும், நான் முறை வைத்துப் போய்ப் பார்க்கலாம் என்று மனைவி பக்கத்து வழக்கறிஞர் சொல்கிறாராம். இதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நான் யாரு மிஸ்?" என்றேன்.

காலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தேன். சீருடையைக்கூட மாற்றவில்லை. அவர் என்னை நன்றாகப் பார்த்து, சிரித்த முகமாக, "நீங்க பாதுகாவலர்தான் ண்ணே. அத மறந்துறாதீங்க" என்றார்.

நான் குனிந்து என் சட்டையைப் பார்த்துக்கொண்டேன். நெஞ்சில் கம்பெனிச் சின்னம், தோளில் பட்டை. என் அக்கா வாயடைத்துப் போய் நான் பார்த்தது அன்றுதான். ஆனால் படிக்கட்டில் இறங்கும்போதே அது திறந்துவிட்டது. கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தாள்.

"மூஞ்சிக்கு நேரா சொல்றா பாத்தியாடா? நீ ஜாகாதான், மறந்துறாதேன்னு! நாலு எழுத்து படிச்ச திமிரு. அதுவும் சிரிச்சிக்கிட்டே சொல்றா."

என் கண் நிறைந்துவிட்டது. காப்பிக் கடை என்றும் பார்க்காமல் அழுதேன். படித்தவர்கள் ஜாகாவை மதிக்க மாட்டார்கள் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் நானே பணிந்து தேடி வந்த வழக்கறிஞர், என் பக்கம் பேச வேண்டியவர், அப்படிச் சொன்னதுதான் சுட்டது.

அக்கா தே தாரே டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தாள். "அவ சொல்றதுலயும் ஒரு விசயம் இருக்குடா. ஷிஃப்ட் மாறி மாறி வரும். இவன்கிட்ட புள்ளைய விட்டா யாரு பாத்துக்குவான்னு கோட்ல கேப்பாங்கல்ல. வலுவான காரணம் வேணும்னா இதான் காரணம். மொதல்ல அந்த வேலைய விட்டுத் தொலை."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அடுத்த வாரமே வேலையை விட்டேன். எங்கள் மேற்பார்வையாளர் என் வயதுக்காரர். "பைத்தியமா மச்சான் ஒனக்கு? என்னா நடந்துச்சு, சொல்லு" என்று விடாமல் கேட்டார். அவமானத்தை எப்படிச் சொல்வது? சொந்த விசயம் என்று மட்டும் சொல்லிவிட்டு, சீருடையைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் காய்கறி லோரிகள் இறங்கும். அப்படி ஒரு லோரியில் கெலிண்டானாகச் சேர்ந்தேன். டிரைவருக்குத் துணையாகப் போய் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், கூடையைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போனது. நாற்காலியில் உட்கார்ந்து கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த உடம்பு அது. இருந்தாலும் இப்போது எவரும் என்னைப் பார்த்து 'நீ பாதுகாவலர்தான்' என்று சொல்ல முடியாது என்ற நினைப்பில் வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. திங்கட்கிழமைச் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சரக்கு ஏற்ற வேண்டும். புது ஆளுக்கு எவன் லீவு கொடுப்பான்? முதல் ஞாயிறு போனில் சமாளித்தேன். இரண்டாவது ஞாயிறும் போனில்தான். மூன்றாவது வாரம் மகள், "அப்பா, எப்ப வாரீங்க? ஐஸ் காச்சாங் கடை அங்கிள் கேட்டாருப்பா" என்றாள். "அப்பா பெரிய வேல ஒண்ணு பாத்துக்கிட்டு இருக்கேன்மா, ஒனக்காகத்தான்" என்றேன். போனை வாங்கிய மனைவி, "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஒற்றைச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கறிஞர் பலமுறை அழைத்தார், நான் எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினார், பாதி கேட்டு அழித்தேன். கடைசியாக வந்ததை மட்டும் முழுசாகக் கேட்டேன். "அண்ணே, நீங்க பதிலே சொல்லல. அவங்க தரப்புல தனியாவே கேஸ் போடப் போறாங்களாம். நீங்க பிள்ளைய வந்து பாக்கறதே இல்லன்னு வேற சொல்றாங்க. அதனால மாசத்துக்கு ஒரு தடவ பாத்தா போதும்னு கேக்கப் போறாங்களாம். தயவுசெஞ்சு ஒருமுறை வாங்க."

லோரியில் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைக் கேட்டேன். மகளுக்காக வேலையை விட்டேன். விட்டதால் மகளைப் பார்க்க முடியவில்லை. பார்க்காததால் மகள் கையை விட்டுப் போகிறாள். எங்கே பிடி தவறியது என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் புலப்படவில்லை. அக்காவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. "அந்த லாயரு பயந்துட்டா பாத்தியா? வா, போய் நேரா கேட்ருவோம்" என்று கிளம்பினாள்.

மறுபடியும் அதே மாடி, அதே நாற்காலி. வழக்கறிஞர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மிஸ், இனிமே நீங்க அந்த வார்த்தைய சொல்ல முடியாது. நான் இப்ப பாதுகாவலர் இல்ல."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "என்னாண்ணே சொல்றீங்க?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டீங்களா? அத எப்படிண்ணே விட முடியும்? யாரு விடச் சொன்னா?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் அக்கா, நெஞ்சை நிமிர்த்தி.

"ஐயோ அக்கா! எழுதிக் குடுத்துட்டாரா? எதுலயாவது கையெழுத்துப் போட்டாரா?"

"எல்லாம் போட்டாச்சு. யூனிஃபோர்மையும் தொவச்சுக் குடுத்தாச்சு" என்றேன்.

"யூனிஃபோர்மா?"

அவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அண்ணே, அன்னிக்கு நான் உங்ககிட்ட என்னா சொன்னேன்?" என்று கேட்டார்.

"நீங்க பாதுகாவலர்தான், அத மறந்துறாதீங்கன்னு சொன்னீங்க."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் முழித்தோம். கையை எடுத்தபோது இரண்டும்தான் என்று தெரிந்தது. "பெஞ்சாகா ண்ணே! பெஞ்சாகா! கார்டியன்! நான் ஜாகாவ சொல்லல!" என்று ஏறக்குறைய கத்தினார்.

பெஞ்சாகா. அந்த மலாய் வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்குச் சட்டென்று புரிந்திருக்கும். பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்துப் போடுகிற இடத்தில் அதுதானே இருக்கும்: தாய் தந்தை அல்லது பெஞ்சாகா. பிள்ளைக்குப் பொறுப்பானவர், பிள்ளைக்காகப் பேச உரிமை உள்ளவர். மகள் யாரோடு இருந்தாலும் நானும் அவள் அம்மாவும் சட்டப்படி இருவருமே பாதுகாவலர்கள் என்று அவர் எனக்குத் தைரியம் சொல்லியிருக்கிறார். பள்ளி மாற்றுவதானாலும், பாஸ்போர்ட் எடுப்பதானாலும், ஓர் ஆபரேஷன் என்றாலும், இந்த மாதிரிப் பெரிய காரியம் எதிலும் என்னைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது என்று, எங்கள் இருவர் சம்மதத்தோடு வாங்கும் அந்த இணக்க ஆணையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார். அவர் 'தான்' என்று அழுத்திச் சொன்னார். நான் அதை மட்டம் தட்டியதாகக் கேட்டுக்கொண்டேன்.

"அத அப்பவே மலாய்ல சொல்லியிருக்கலாம்லா!" என்று அக்கா பாய்ந்தாள்.

"தமிழ்ல சொன்னா மரியாதையா இருக்கும்னு நெனச்சேன் க்கா. ஸ்கூல்ல எனக்குத் தமிழ்ல 'ஏ' கிரேடு" என்றார் அந்தப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அதற்குமேல் அக்காவாலும் கோபப்பட முடியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்த முறை தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து, நாங்கள் பேசுகிற மாதிரியே சொன்னார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி, "இது என்னான்னு நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று என் வாயால் சொல்ல வைத்தார். கஸ்டடி என்றால் பிள்ளை யாரோடு இருக்கும் என்பது. ஆக்சஸ் என்றால் மற்றவர் பார்ப்பதற்கும் தன்னோடு வைத்துக்கொள்வதற்கும் உள்ள உரிமை. அது விசிட்டர் அட்டை இல்லையாம். அம்மா நினைத்தாலும் அதைப் பிடுங்க முடியாதாம். இவ்வளவும் புரிந்த பிறகும் என் மனக்குழப்பம் முழுசாகத் தீரவில்லை. "கடைசியா இதுல நான் ஜெயிச்சேனா தோத்தேனா மிஸ்?" என்று கேட்டேன். "தெரியலண்ணே. அத உங்க மககிட்டதான் கேக்கணும், அவ வளந்த பிறகு" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

அவர் அந்தப் பக்கத்து வழக்கறிஞரோடு பேசி, மறுபடி இணக்கத்துக்கே கொண்டுவந்தார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை மகள் என்னோடு. பள்ளி விடுமுறையில் பாதி. ஈப்போ நீதிமன்றத்துக்கு நானும் மனைவியும் போனோம். நீதிபதி கேட்டதற்கு ஆமாம் என்று தலைக்கு ஒரு முறை சொன்னோம். அத்தனை வருடக் கல்யாணம் அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டது.

வெளியே தாழ்வாரத்தில் அவள், "ஏன் அத்தன வாரம் வரல? உங்களுக்குப் புள்ள மறந்து போச்சுன்னுதானே நெனச்சேன்" என்றாள். அவளும் என்னைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. "அப்ப கோபிஸ் தூக்கப் போனதுதான் அந்தப் பெரிய வேலையா?" என்று சிரிக்க ஆரம்பித்தவள், பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். சேர்ந்துவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். சேரவில்லை. அவள் பாரிட் புந்தார் பஸ்ஸுக்குப் போனாள், நான் பத்து காஜா பஸ்ஸுக்கு.

சுண்ணாம்புத் தொழிற்சாலையில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். பத்து காஜாவிலேயே ஒரு கிடங்கில் ஜாகா வேலை கிடைத்தது. சனி ஞாயிறு எனக்கு எப்போது லீவு வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தேன்.

மறு வருடம் மகள் பாரிட் புந்தாரில் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தாள். என் முறை வந்த முதல் வெள்ளிக்கிழமை, பள்ளி விடும் நேரத்துக்கு அவளைக் கூட்டிவரப் போனேன். கேட்டில் ஒரு ஜாகா, நம் ஆள்தான், மீசை நரைத்தவர். அவர் கேட்பதற்கு முன்பே அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் விசிட்டர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒரு காலத்தில் நினைத்தாலே நெஞ்சை அடைத்த அதே அட்டை. வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்கிறார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மணி அடித்ததும் மகள் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். முன்பின் தெரியாத ஆளோடு பிள்ளையை அனுப்பக்கூடாது இல்லையா? ஜாகா குறுக்கே கையை நீட்டி, "யாரும்மா இது?" என்று அவளைக் கேட்டார்.

அவள் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பையை என் கையில் திணித்துக்கொண்டே, "எங்கப்பாதான்" என்றாள்.

இன்றைக்கும் யாராவது எதையாவது சொல்லி எனக்குச் சுருக்கென்றால், கோபப்படுவதற்கு முன், என்ன அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று வெட்கப்படாமல் திருப்பிக் கேட்டுவிடுகிறேன். அந்த 'தான்' என்ற இரண்டெழுத்துக்கு மொத்தம் எத்தனை அர்த்தம் உண்டோ, எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட கேட்டில் என் மகள் சொன்ன 'தான்' மட்டும் யாரையும் கேட்காமலே எனக்குப் புரிந்தது.